தனியார் காணியில் மணல்மேடு: உறுதி எழுதுவதா, வாய்ச்சொல்லோடு விடுவதா?

2025 ஆகஸ்ட் 9 – வாசகர் கேள்வி

அம்மாவின் சீதனக் காணி யாழ்ப்பாணத்தில், வடமராட்சி கிழக்கின் மருதங்கேணிக்கு அருகில் கடலோரமாக இருக்கிறது. கடல் பக்கத்து நாலு பரப்பும் மணல்மேடுதான். ஊர் அபிவிருத்திச் சங்கத்தார் அதில் ஓலை வேலி போட்டு மணல் பிடிக்கவும், கொடி நடவும், ஆண்டுதோறும் வந்து பராமரிக்கவும் எழுத்தில் உரிமை கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் காணி கையைவிட்டுப் போய்விடும் என்று மாமா சொல்கிறார். நாங்கள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிறோம். "சரி, செய்யுங்கள்" என்று வாய்ச்சொல்லால் சொல்லிவிட்டால் போதாதா?

2025 ஆகஸ்ட் 10, காலை

போதாது. உங்கள் மாமாவின் பயம் நியாயமானது. ஆனால் எழுதுவதால் அந்தக் காணி போகாது. எழுதாமல் விட்டால்தான் போகும் வழி திறக்கும்.

இலங்கையின் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னொருவரின் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி, உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், தன்னுடையதாகவே ஆட்சி செய்து அனுபவித்தவர் அதற்கு உரித்துக் கேட்கலாம். உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே வந்தவருக்கு அந்தப் பத்து ஆண்டு ஓடாது. சிக்கல் எங்கே வரும் என்றால், அனுமதி இருந்தது என்பதை நீங்கள் காட்ட வேண்டும். வேலி போடச் சொன்னவர் இறந்துவிடுவார். பக்கத்தில் நின்று கேட்டவர் கனடாவுக்குப் போய்விடுவார். சங்கத்தில் நிர்வாகம் மாறும். பதினைந்து ஆண்டு கழித்து வரும் ஒருவர் "இந்த வேலியை நாங்கள்தான் போட்டோம், மரத்தை நாங்கள்தான் நட்டோம்" என்று சொல்லும்போது உங்கள் கையில் என்ன இருக்கும்?

உறுதி (காணிப் பத்திரம்) எழுதினால் அதன் முதல் பந்தியிலேயே காணி இன்னாருக்கு உரித்தானது என்று இருக்கும். அதன் கீழே சங்கத்தாரே கையொப்பமிடுவார்கள். அவர்களுடைய கையொப்பமே உங்கள் காணிக்குச் சாட்சி.

நான் சட்டத்தரணி அல்லன். நில அளவையாளர் ஒருவரிடம் வரைபடம் கீறுகிற வேலை. பழைய உறுதிகளை நாள் முழுக்கப் படிப்பது தொழில். உடுத்துறைப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் கடலோரக் காணியில் ஒரு பங்கு உண்டு. அதனால் இந்த விடயத்தில் எனக்கும் அக்கறை இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 10, இரவு

"உரிமை கொடுப்பது என்றால் காணியைக் கொடுப்பதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இதைக் கேட்கக் கூடாது. எங்கள் அம்மம்மாவின் உறுதியில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"…இதன் வடகீழ் மூலையில் அயற்காணியில் உள்ள பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளவும், துலா மிதிக்கவும், வாய்க்கால் வழியாக நீர் கொண்டுசெல்லவும், போகவர வழி நடக்கவும் உள்ள உரித்தும்…"

கிணறு இருந்த நிலம் இன்னொருவருடையது. நிலம் மூன்று கை மாறியது. தண்ணீர் அள்ளும் உரித்து மாறவே இல்லை. நிலத்துக்காரரின் காணியும் குறையவில்லை, எங்கள் தோட்டமும் வாடவில்லை. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் ஆயிரக்கணக்கான உறுதிகளில் இந்த வரி உண்டு. மணல்மேட்டு உரிமையும் இதே இனந்தான். அயற்காணியில் தண்ணீர் அள்ளுவதற்குப் பதிலாக அயற்காணியில் மணல் பிடிக்கிறோம்.

2025 ஆகஸ்ட் 13

"கடற்கரை அரசாங்கத்தின் பொறுப்பு, நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும்?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை பொருந்தும். காணி யாருடையது என்றாலும் பொருந்தும். அதற்குள் கட்டடம் கட்டவோ மணல் அள்ளவோ அனுமதிப்பத்திரம் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது செய்யாதே என்று சொல்லும் சட்டம். மாரி முடிந்ததும் வந்து சரிந்த வேலியை நிமிர்த்த அதற்குக் கை இல்லை. இரவில் டிப்பர் வந்து மேட்டின் காலடியில் மணலை வாரும்போது அங்கே நிற்பவர் அயலவர்தான். காணி தன்னுடையது அல்ல என்பதால் அவரும் "எனக்கு ஏன்?" என்று படலையைச் சாத்திக்கொள்கிறார். பதிவு செய்த உரிமை ஒன்று கையில் இருந்தால் அவர் பொலிஸுக்கு வெறும் முறைப்பாட்டாளராகப் போக வேண்டியதில்லை. தன் உரித்துக்குச் சேதம் என்று போகலாம், நீதிமன்றத்திலும் நிற்கலாம்.

அரசாங்கமே காணியைச் சுவீகரித்து மேடு கட்டட்டும் என்று சொல்பவர்கள் எங்கள் மாகாணத்தின் கதையை மறந்துவிட்டார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவித்தார்கள். ஓர் ஆண்டுக்குள் அதைத் தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை குடும்பம் தன் காணியில் கால் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அலைந்தது! வலிகாமம் வடக்கில் 1990 இல் போரால் வெளியேறியவர்கள் பலர் இராணுவ வேலிக்கு வெளியே நின்று தங்கள் காணியைப் பார்த்தபடியே முதுமை அடைந்தார்கள். 2025 மார்ச்சில் வடக்கின் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரித்தைக் காட்டாவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் அதை மீளப் பெற்றார்கள். அதில் பெரும் பங்கு யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. வடமராட்சி கிழக்கில் இன்னும் அந்தப் பதைப்பு அடங்கவில்லை.

ஆகவே சனத்துக்குக் கோடு என்றாலே பயம். அந்தப் பயத்தை மதித்து ஒரு வழி தேட வேண்டுமானால் அது உரிமையாளரும் ஊரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உறுதியாகத்தான் இருக்க முடியும்.

2025 ஆகஸ்ட் 17

வெளிநாட்டில் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டவருக்கு. நடந்திருக்கிறது, பெரிய வழக்கோடு.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் கடற்கரை மணலைப் பெருப்பித்து மேடு கட்டும் திட்டத்தை இராணுவப் பொறியியல் படைப்பிரிவு நடத்துகிறது. கடலோரக் காணிகள் பல தனியாருடையவை. மேட்டைக் கட்டவும், அடித்துப்போன மணலைத் திரும்ப நிரப்பவும், வேலி போடவும், புல் நடவும் நிரந்தர உரிமை ஒன்றை உரிமையாளர்கள் எழுதித் தர வேண்டும் என்று அந்தப் படைப்பிரிவு கேட்டது. காணி உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் அந்தத் துண்டில் தோண்டவோ கட்டவோ முடியாது. பலர் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் மறுத்தார்கள்.

ஹார்வி சீடர்ஸ் என்ற சிற்றூரில் ஒரு தம்பதியர் மறுத்தார்கள். அவர்களுடைய காணியில் கால் பங்குக்கு மேல் உரிமை கேட்கப்பட்டது. 22 அடி உயர மேடு வந்தால் கீழ்த்தளத்திலிருந்து கடல் தெரியாது என்பது அவர்களின் குறை. ஊர்ச்சபை கட்டாயமாக எடுத்தது. நட்டஈடாக 375,000 டொலர் கொடுக்கும்படி ஜூரிகள் தீர்த்தார்கள். கடல் காட்சி மறைந்த நட்டத்தைத்தான் கணக்கில் எடுத்தார்கள். மேட்டினால் வீட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பைக் கணக்கில் எடுக்க நீதிமன்றம் விடவில்லை. 2012 ஒக்டோபரில் சான்டி சூறாவளி வந்தது. மேட்டுக்குப் பின்னால் அந்த வீடு நின்றது. 2013 ஜூலையில் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. நட்டத்தைக் கணக்கிடும்போது கிடைத்த நன்மையையும் கணக்கிட வேண்டும் என்று சொன்னது. கடைசியில் ஒரு டொலருக்கு இணக்கம் கண்டார்கள்.

கடல் காட்சி என்பது அந்த நாட்டுப் பணக்காரரின் நோய் என்று எண்ண வேண்டாம். 2004 இல் யாலப் பகுதியில் ஒரு விடுதி கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றி வைத்திருந்தது. டிசம்பர் 26 அன்று அலை அந்த வழியாகத்தான் உள்ளே போனது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதைத் தனியாகக் குறித்து எழுதினார்கள். மேடு குலையாமல் இருந்த இடங்களில் சேதம் அவ்வளவு இல்லை.

மணல்மேட்டின் இயல்பே இதுதான். ஒரு மைல் நீளத்துக்கு மேடு இருந்தாலும் நடுவில் ஒரு காணிக்காரர் தன் துண்டை வெட்டி வழி விட்டால், கடல் அந்த வாயில் வழியாக வந்து பின்னால் உள்ள அத்தனை பேரின் வளவிலும் நிற்கும். வீட்டு மதிலுக்கு இந்தக் குணம் கிடையாது. என் மதில் இடிந்தால் என் வீட்டுக்குத்தான் நட்டம்.

2025 ஆகஸ்ட் 18

ஒரு டொலர் கதையைப் படித்துவிட்டு "எங்களுக்கும் ஒரு ரூபாய்தானா?" என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அது கட்டாயமாக எடுத்த வழக்கு. நாங்கள் பேசுவது விரும்பி எழுதிக் கொடுப்பது பற்றி. சங்கத்திடம் பணம் இராது, ஆனால் வேறு பெறுமதிகளைக் கேட்கலாம். எல்லை அளந்து வரைபடம் கீறும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். காணி முழுவதற்கும் எல்லைக்கல் நடட்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

2025 ஆகஸ்ட் 24

இப்போது கடினமான இடம். நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) ஒருவரோடு நெடுநேரம் கதைத்தேன்.

எங்கள் நாட்டில் இந்த உரிமைகள் ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழி வந்தவை. அதில் காணிக்கும் காணிக்கும் இடையில்தான் நிலையான உரிமை பிறக்கும். உரிமை பெறும் காணி ஒன்று வேண்டும், உரிமை கொடுக்கும் காணி ஒன்று வேண்டும். ஆளுக்குக் கொடுத்த உரிமை அந்த ஆளோடு முடிந்துவிடும். நியூ ஜேர்சியில் ஊர்ச்சபையின் பெயருக்கு எழுதியதுபோல் இங்கே காணியில்லாத சங்கத்தின் பெயருக்கு எழுதிவிட்டு, அது தலைமுறைக்கும் நிற்கும் என்று இருந்துவிட முடியாது.

ஆகவே மேட்டுக்குப் பின்னால் இருக்கும் காணி ஒன்றின் பெயரில் எழுத வேண்டும். கோவில் காணி, தேவாலயக் காணி, பொதுக் கிணறு இருக்கும் துண்டு, இவற்றில் ஒன்று. எனக்குக் கிணற்றுத் துண்டுதான் பிடித்திருக்கிறது. காரணம் வெறும் சென்டிமென்ட் இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர்தான் உப்புநீரின் மேல் மிதந்து நன்னீராக நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேட்டை வாரினால் அந்த ஓர் அடி தாழும், கீழே உப்பு ஏறும். கடலோரத்தில் பூவல் தோண்டிக் குடித்த கிழவிகளுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். எனவே "இந்தக் கிணற்றின் நன்மைக்காக அந்த மேடு நிற்க வேண்டும்" என்று எழுதினால் காணிக்கும் காணிக்கும் உள்ள தொடர்பு கற்பனையாகாது.

இன்னொரு விதியும் உண்டு. உரிமை கொடுத்தவரை நீ வேலை செய் என்று கட்ட முடியாது. அவர் பொறுத்துக்கொள்ளலாம், சிலவற்றைச் செய்யாமல் இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே "உரிமையாளர் மேட்டைப் பராமரிக்க வேண்டும்" என்ற வரி வீண். "கிணற்றுக் காணிக்காரர் உள்ளே வந்து பராமரிக்கலாம், உரிமையாளர் மணல் எடுக்கவோ மேட்டை வெட்டவோ மாட்டார்" என்று எழுத வேண்டும்.

2025 ஆகஸ்ட் 30

எல்லை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மேடு நகருமே, வரைபடத்தில் கோடு எங்கே போடுவது?

மணல்காட்டுக்குப் போனவர்கள் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்கின்றன. கட்டியவர்கள் மணலுக்குள் கட்டவில்லை. மணல்தான் பிறகு தேடி வந்தது. இதைப் பார்த்த பிறகும் "கடலிலிருந்து நாற்பது மீற்றர்" என்று உறுதியில் எழுதினால், இருபது ஆண்டில் அந்தக் கோடு கடலுக்குள் நிற்கும், மேடு கோட்டுக்கு வெளியே நிற்கும்.

மேட்டின் உட்பக்க அடியிலிருந்து எண்ண வேண்டும் என்பது என் எண்ணம். மேடு எங்கே போகிறதோ அங்கே உரிமையும் போகும். ஆனால் ஓர் எல்லைக்கல்லுக்கு அப்பால் போகாது. அந்தக் கல் வீட்டு நிலத்தைக் காக்கும். வரைபடத்தில் இரண்டு கோடு: இன்றைய மேட்டின் அடி ஒன்று, உரிமை எட்டக்கூடிய கடைசி எல்லை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலத்தில் உரிமையாளர் பனை வைக்கலாம், ஆடு கட்டலாம், கல்வீடு மட்டும் கட்டக்கூடாது.

வேலி மணலை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்திராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் காணியில் சித்தப்பா பனை மட்டையால் ஒரு வரிச்சு வேலி போட்டார். மட்டைக்கும் மட்டைக்கும் நடுவில் ஒரு மட்டை அகலம் இடைவெளி விட்டார். நெருக்கிக் கட்டச் சொன்ன பெடியனுக்கு அவர் கொடுத்த விளக்கம்: "அடைத்துக் கட்டினால் காற்று கோபித்துக்கொண்டு அடியைத் தோண்டும். பாதி திறந்து விட்டால் களைத்துப்போய்ச் சுமையை இறக்கிவிட்டுப் போகும்." பொறியியலாளர்களும் பாதிக்குப் பாதி இடைவெளி என்றுதான் சொல்கிறார்கள். முதலில் ஒவ்வொரு கதியாலின் (வேலித் தடியின்) பின்னாலும் ஒரு சிறு மணல் வால் நீண்டது. பிறகு வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வரம்பானது. வரம்பு வளர்ந்து மட்டை நுனிகளை மூடியது. கதியாலின் தலைகள் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு வரிசையாக நின்றபோது அவர் அதன் மேலேயே அடுத்த வேலியைப் போட்டார். இதற்கு ஆண்டுதோறும் ஆள் வர வேண்டும். ஒரு தடவை கொடுத்த அனுமதி இதற்கு ஆகாது.

2025 செப்டம்பர் 7

பங்குக்காரர் பிரச்சினை. இதுதான் பெரும்பாலான காணிகளில் விடயத்தைக் கொல்லும்.

பிரிபடாத காணியில் ஒரு பங்குக்காரர் மட்டும் கையொப்பமிட்டு இந்த உரிமையைக் கொடுக்க முடியாது. எல்லோரும் இட வேண்டும். எங்கள் காணியில் ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் ஓஸ்லோவில், இருவர் பருத்தித்துறையில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்ப வேண்டும். அதில் "காணியைப் பராமரிக்க" என்று பொதுவாக எழுதி அனுப்பினால் நொத்தாரிசு ஏற்க மாட்டார். "இன்ன காணியில் இன்ன உரிமையை எழுதிக் கொடுக்க" என்று வெளிப்படையாக இருக்க வேண்டும்.

சீதனக் காணி என்றால் இன்னொன்று. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை உறுதி மூலம் கைமாற்ற, 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உரிமை கொடுப்பதும் இதற்குள் வரும் என்றுதான் எங்கள் நொத்தாரிசு எடுத்துக்கொள்கிறார். எனக்கு இந்த விதி பிடிக்காது. அம்மாவின் காணிக்கு அம்மாவின் கையெழுத்துப் போதும் என்று ஒருநாள் மாற வேண்டும். அதுவரை கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் உறுதி பிறகு கேள்விக்குள்ளாகும்.

"இவ்வளவு பேரையும் சேர்ப்பது நடக்கிற காரியமா?" என்று எழுதியவருக்கு: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொன்னவர்கள் இந்த மணலில் நடந்தவர்கள்தான். நடந்திருக்கிறது. கோவில் திருவிழா உபயத்துக்கு ஐந்து நாட்டிலிருந்து ஒரே மாதத்தில் சேர்கிறவர்கள் நாங்கள்.

2025 செப்டம்பர் 8

நேற்றைய குறிப்புக்குச் சேர்க்கை. போரில் காணியை விட்டு ஓட நேர்ந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை திரும்ப முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சிக் காலமாக எண்ண முடியாது என்று அது சொன்னது. அதற்குப் பிந்திய ஆண்டுகள் வழக்கம்போல் ஓடும். 2009 இலிருந்து கணக்குப் பார்த்தால் பத்து ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு "சட்டம் காக்கும்" என்று இருப்பவர்கள் கவனிக்கவும்.

2025 செப்டம்பர் 21

மேட்டில் நடுவது சவுக்கா, இராவணன் மீசையா (முள்ளுள்ள மணற்புல்) என்று வாசகர்களுக்குள் நடக்கும் சண்டை நல்ல சண்டை. தொடருங்கள், என் பங்கையும் சொல்கிறேன்.

மணல்காட்டுச் சவுக்குக் காடு காற்றை மறிக்கிறது, விறகு தருகிறது, நிழல் தருகிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மேட்டின் கடல் முகத்துக்குச் சவுக்கு ஆகாது. உதிர்ந்த ஊசியிலை மெத்தைபோல் மூடிவிட்டால் கீழே வேறு எதுவும் எழும்பாது. கீழே கொடியில்லாத மணலை ஒரு பெரிய வாடைக் கடல் வந்தால் வேரோடு அரித்துக்கொண்டு போகும். கடல் முகத்தில் அடம்பனும் இராவணன் மீசையும்தான். அடம்பன் மணலின் மேலே ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். இராவணன் மீசை மணல் மூட மூட மேலே எழும்பும். மூடாத இடத்தில்தான் அது சோர்ந்துபோகும். காய்ந்த பிறகு அதன் முள்ளுப் பந்து காற்றில் கழன்று கரை நீளத்துக்கு உருண்டு ஓடுவதைச் சின்ன வயதில் துரத்தாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. உருளும்போதே அது விதையை உதிர்த்துக்கொண்டு போகிறது.

உறுதியில் மர வகை எழுத வேண்டுமா என்று இரண்டு மனமாக இருந்தேன். எழுத வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து ஒரு நிர்வாகம் மேடு முழுக்கச் சவுக்கு வைத்து விறகுக்கு ஏலம் விடும். உரிமையாளருக்கும் அதில் மனக்கசப்பு வரும். "கடல் முகத்தில் கொடியும் புல்லும் மட்டும், வெட்டி விற்கும் மரம் எதுவும் இல்லை" என்று ஒரு வரி போதும்.

2025 ஒக்டோபர் 5

கடற்றொழிலாளி ஒருவர் எழுதியது இந்த இழையிலேயே முக்கியமான மறுமொழி. "மேடு மேடு என்று கதைக்கிறீர்கள், நாங்கள் வள்ளத்தை எதால் இறக்குவது, வலையை எங்கே காயப் போடுவது?" என்று கேட்கிறார்.

சரியான கேள்வி. நியூ ஜேர்சியில் காணிக்காரர்கள் பயந்தது, உரிமை கொடுத்தால் ஊர்ச்சனம் எல்லாம் தங்கள் முற்றத்தில் நடக்கும் என்று. எங்கள் கரையில் பயம் மறுபக்கம். தலைமுறையாக நடந்த சனத்தை மேட்டைக் காட்டி மறித்துவிடுவார்கள் என்பது. வேலி போட்டவன் நாளைக்குக் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் வேலி போடுவான் என்ற சந்தேகத்தோடு ஒரு மேடும் நிலைக்காது. இரவோடிரவாக அதை வெட்டி வழி எடுப்பார்கள், எடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே வழியும் உறுதிக்குள் வர வேண்டும். எந்த இடத்தால் வள்ளம் இறங்கும், எந்த இடத்தில் வாடி (தொழிலாளரின் கொட்டில்) இருக்கும், எல்லாம் வரைபடத்தில் வரட்டும். வழியை மேட்டுக்கு நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாக எடுத்தால் அலையும் காற்றும் நேரே உள்ளே வராது. வலை இழுக்க உழவு இயந்திரம் கொண்டுவருபவர்கள் ஆளுக்கொரு தடம் போடாமல் ஒரே தடத்தால் போக இணங்க வேண்டும். மேட்டைத் தின்பதில் டிப்பருக்கு அடுத்தது அந்தச் சில்லுத் தடங்கள்.

வல்லிபுர ஆழ்வார் கோவிலின் சமுத்திர தீர்த்தமும் இந்தப் புரட்டாதியில்தான். அத்தனை ஆயிரம் சனம் மணலைக் கடந்து கடலுக்குப் போகிறது. ஆனால் சுவாமி போகும் வழிதான் சனத்தின் வழி. ஒரு வழி மிதிபட்டாலும் மற்ற இடத்தில் கொடி பிழைத்துக்கொள்ளும். கடல் பாதையை நிர்ணயிக்க எங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

2025 ஒக்டோபர் 6

மேட்டுக்குப் பின்னால் மாரி வெள்ளம் தேங்காதா என்ற கேள்வி. தேங்கும், பார்க்காமல் கட்டினால். நியூ ஜேர்சியின் மார்கேட் என்ற ஊரில் 2017 இல் மேடு கட்டியபோது பின்னால் மழைநீர் குளமாக நின்றது. நீதிமன்றம் வேலையைச் சிறிது காலம் நிறுத்தியது. எங்கள் இடத்தில் மணல் நீரைக் குடித்துவிடும் என்றாலும், தாழ்ந்த வளவுகளும் உண்டு. இருக்கிற வாய்க்காலை அடைத்து மேடு கட்டக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். வேலை தொடங்குமுன் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஒக்டோபர் 12

பலர் கேட்டதால் நொத்தாரிசோடு இருந்து எழுதிய வரைவின் சாரத்தைத் தருகிறேன். அப்படியே பாவிக்க வேண்டாம், உங்கள் காணிக்கு ஏற்ப மாற்றுங்கள்.

காணி உரிமையாளருக்கே உரித்தானது என்பதைக் கிணற்றுக் காணிக்காரர் ஏற்றுக்கொள்கிறார். அவரும் அவர் அனுப்பும் ஆட்களும் பகலில் உள்ளே வந்து ஓலை, மட்டை, தடி ஆகியவற்றால் வேலி போடலாம், கொடி நடலாம், சரிந்ததைத் திருத்தலாம். எவ்வளவு காலம் வந்துபோனாலும் அது ஆட்சியாகாது. உரிமையாளரும் அவருக்குப் பின் வருபவர்களும் மேட்டில் மணல் எடுக்கவோ எடுக்க விடவோ மாட்டார்கள், வெட்ட மாட்டார்கள், கல்லாலோ சீமெந்தாலோ கட்ட மாட்டார்கள். உரிமையாளர் தன் காணியிலிருந்து கடலுக்குப் போக ஒரு நடைவழி வைத்துக்கொள்ளலாம். தொழிலாளரின் வழிகளும் வாடிகளும் வரைபடத்தில் காட்டியபடி இருக்கும். மேடு நகர்ந்தால் உரிமை எல்லைக்கல் வரை கூடவே நகரும்.

உரிமையை எத்தனை ஆண்டுக்குக் கொடுப்பது என்பது பற்றி இங்கே நிறைய வாதம் நடந்தது. இருபது ஆண்டு என்று வைத்தால் உரிமையாளர் இலகுவில் இணங்குவார். ஆனால் ஒரு மேடு ஊரைக் காக்கும் உயரத்துக்கு வந்து நிற்கும் வேளையில் அந்த உரிமை முடிந்துவிடும். காணி விலை ஏறியிருக்கும், விடுதி கட்டுபவர் வந்து நிற்பார். நான் நிரந்தரம் என்றே எழுதச் சொல்வேன், அது முடிய இரண்டு வழியோடு. கிணற்றுக் காணிப் பக்கத்திலிருந்து தொடர்ந்து ஐந்து ஆண்டு யாரும் வந்து எந்தப் பராமரிப்பும் செய்யாவிட்டால் உரிமை ஒழியும். கடல் அந்தத் துண்டை முழுவதும் கொண்டுபோனாலும் ஒழியும்.

நொத்தாரிசு முன், இரண்டு சாட்சியோடு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணியில் இப்படி உரிமை கொடுக்கும் எழுத்துக்கு அதைக் கேட்கிறது, வீட்டில் முத்திரை ஒட்டி எழுதிய கடிதம் செல்லாது. பிறகு காணிப் பதிவகத்தில் இரண்டு காணிகளின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். மேட்டுக் காணியின் ஏட்டில் ஏற்றாமல் விட்டால் நாளை வாங்குபவர் தனக்கு எதுவும் தெரியாது என்பார்.

கொடி நட மழை தொடங்கும் ஐப்பசிதான் காலம். உறுதி முடியும்வரை நடுகையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உரிமையாளரிடம் இந்த மாரிக்கு மட்டும் திகதியிட்ட அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு முதல் வரியை நட்டுவிடுங்கள்.

கடல் எல்லை உள்ள பழைய உறுதி வைத்திருப்பவர்கள் எல்லைப் பந்தியை மட்டும் இங்கே எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம். சிலவற்றில் "கிழக்கு கடல்" என்றும் சிலவற்றில் "கிழக்கு கடற்கரை அரச காணி" என்றும் கண்டிருக்கிறேன். முதல் வகையில் மேடு முழுவதும் தனியார் காணிக்குள் விழக்கூடும், இரண்டாவதில் ஒரு பகுதி அரச காணியில் நிற்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் வரைபடத்தில் கடல் பக்கத்துக் கோட்டைக் கீற முடியும்.